தோற்ற ஹெலிகாப்டர் வென்ற கதை



1960-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை, தாழப் பறந்து எதிரியின் நடமாட்டத்தைக் கண்டறியும் இலகுரக ஹெலிகாப்டருக்கான போட்டியை அறிவித்தது. 1965-இல் ஹியூஸ் நிறுவனத்தின் ‘கயூஸ்’ வென்றது. பெல் நிறுவனத்தின் படைப்பு தோற்றது.

பெல் பொறியாளர்கள் சோர்ந்துவிடவில்லை. தோற்ற ஹெலிகாப்டரின் உடற்பகுதியை மாற்றியமைத்து, 1966-இல் ‘ஜெட்ரேஞ்சர்’ எனும் பயணிகள் ஹெலிகாப்டராகப் பறக்கவிட்டனர். கயூஸ் வியட்நாம் போரில் அரும்பணி ஆற்றியது. ஆயினும் அதன் விலை உயர்ந்தது, தயாரிப்பும் தாமதமானது. ஆகவே தரைப்படை மீண்டும் போட்டி நடத்தியது. 1968-இல் ஜெட்ரேஞ்சர் வென்று, ‘கயோவா’ என்னும் பெயரில் படையில் சேர்ந்தது. 2,000-க்கும் மேற்பட்டவை வாங்கப்பட்டன.

தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், “ஏன் தோற்றாய்?” என்று கேட்பதைவிட, “எதை மாற்றலாம்?” என்று கேட்போமே!