காணாமற்போன குழந்தையும் ஊரின் குரலும்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துச் சுவர்களில் எத்தனையோ தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டுக் கிடக்கின்றன. அரசியல் கூட்டம், திரைப்படம், கண்ணீர் அஞ்சலி என்னும் இவற்றிடையே எப்போதாவது ஒரு சிறு தாள் நம் கண்ணிற் படும். ‘காணவில்லை’ என்னும் தலைப்பு. மங்கலான ஒரு முகம். வயது, உயரம், கடைசியாக உடுத்தியிருந்த உடையின் நிறம். கீழே ஒரு தொலைபேசி எண். கல்வராயன் மலைக்குச் செல்லும் பேருந்துக்காகக் காத்து நிற்கும் நாம் அதனைப் படிக்கின்றோம். பேருந்து வந்ததும் ஏறி அமர்ந்து மறந்துவிடுகின்றோம்.

ஒரு குழந்தை காணாமற்போனால் அதனை ஊருக்கு யார் சொல்வது? எவருடைய பெயரால் சொல்வது? கேட்டவர்கள் என்ன செய்வது? இம்மூன்று வினாக்களுக்கும் மனித சமூகம் விடை தேடிய வரலாறு நீண்டது. சில இடங்களில் குருதி படிந்தது. அதனை இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம்.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசுவைத் தொலைத்த பெற்றோரை லூக்கா நற்செய்தியில் நாம் காண்கின்றோம். ஒரு நாள் பயணத்தொலைவு சென்ற பின்னரே மகன் உடன் வரவில்லை என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். உறவினரிடமும் அறிமுகமானவர்களிடமும் தேடினார்கள். பின்னர் எருசலேமுக்குத் திரும்பினார்கள். மூன்று நாட்களுக்குப் பின்னரே கோவிலில் கண்டார்கள். தேடுவோரின் கால்களையன்றி வேறு அறிவிப்பு இல்லாத காலம் அது.

பறையும் மணியும்

நம் ஊர்களில் அறிவிப்புக்கென்று ஒரு முறை இருந்தது. தண்டோரா போடுபவர் தெருமுனையில் நின்று பறையை முழக்கி, சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்று தொடங்குவார். அவர் சொல்லும் செய்தி அவருடைய சொந்தச் செய்தியன்று. ஊர்த் தலைமையோ அரசு அலுவலரோ அவரை அனுப்பியிருப்பார்கள். அவர் யார் பெயரால் பேசுகின்றார் என்பது கேட்போர் அனைவருக்கும் தெரியும். எறையூர், விரியூர் முதலிய பழைய பங்குகளில் வாழ்வோருக்கு மற்றொன்றும் தெரியும். நேரமல்லாத நேரத்தில் ஆலய மணி விடாது ஒலித்தால், ஏதோ நேர்ந்துவிட்டது என்று மக்கள் வீட்டை விட்டு வெளியே வருவார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தவர் இன்னார் என்று சொல்லவும் முடியும்.

அந்த முறையிலும் அநீதி இருந்ததை நாம் மறைக்கலாகாது. பறையடிக்கும் பணி ஒரு சமூகத்தார் மீதே சுமத்தப்பட்டது. இனித் தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி போதும் என்று 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். மனித மாண்பைக் கருதி எடுக்கப்பட்ட நல்ல முடிவு அது. பறை நிற்கட்டும். ஆனால் ‘இது இன்னாரால் அறிவிக்கப்படுகின்றது’ என்னும் பொறுப்பும் உடன் நின்றுபோக வேண்டுமா?

இரு நாடுகள், ஓராண்டு

1996ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டன் நகரில் ஆம்பர் ஹேகர்மன் என்னும் ஒன்பது வயதுச் சிறுமி மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒருவன் அவளைத் தூக்கிச் சென்றான். அதனைக் கண்ட ஒருவர் உடனே காவல் துறைக்குச் சொல்லியும் பயனில்லை. நான்கு நாட்களுக்குப் பின் அச்சிறுமியின் உயிரற்ற உடலே கிடைத்தது. புயல் வந்தால் வானொலி எச்சரிக்கின்றதே, குழந்தையைக் கடத்திச் சென்றால் ஏன் எச்சரிப்பதில்லை என்று அப்பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்மணி வானொலி நிலையத்தைக் கேட்டார். டல்லஸ், ஃபோர்ட்வொர்த் பகுதி ஒலிபரப்பாளர்களும் காவல் துறையினரும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டை உருவாக்கினர். அதுவே ‘ஆம்பர் எச்சரிக்கை’. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு நாடளாவிய ஒருங்கிணைப்பைத் தந்தது. 2005ஆம் ஆண்டுக்குள் ஐம்பது மாநிலங்களிலும் அது பரவியது. 2013 முதல் கைப்பேசிகளுக்கும் நேரே செல்கின்றது.

இவ்வேற்பாட்டின் வலிமை அதன் அடக்கத்தில் இருக்கின்றது. எவர் வேண்டுமானாலும் எச்சரிக்கை விடுத்துவிட முடியாது. குழந்தை கடத்தப்பட்டதாக நம்பக் காரணம் இருக்கின்றது, உயிருக்கு ஆபத்து உண்டு, தேடுவதற்குப் போதிய விவரம் இருக்கின்றது என்று காவல் துறை தேர்ந்து தெளிந்த பின்னரே அது வெளிவரும். அவ்வளவு பெரிய நாட்டில் அண்மைக் காலத்தில் ஓர் ஆண்டில் விடுக்கப்பட்டவை முந்நூறைத் தாண்டவில்லை. நாள்தோறும் அலறும் மணியை ஊரார் கேளாமல் விட்டுவிடுவார்கள் என்பதை அவர்கள் அறிந்திருக்கின்றார்கள்.

அதே 1996ஆம் ஆண்டில் மும்பையில் மற்றொரு முயற்சி பிறந்தது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஜெரூ பில்லிமோரியா அம்மையார் தொடங்கிய சைல்டுலைன் அது. தெருவோரத்துக் குழந்தையும் காசின்றி அழைப்பதற்கு 1098 என்னும் எண் தரப்பட்டது. அங்கே ஊர் குழந்தையைத் தேடியது. இங்கே குழந்தையே ஊரை அழைக்க வழி பிறந்தது. இன்றும் அந்த எண் நம் குழந்தைகளுக்கு உரியது.

எழுதப்படாத புகார்

ஆனால் நம் நாட்டில் ஏழைப் பெற்றோருக்கு முதல் தடை அறிவிப்பு அன்று, புகாரே. 2006ஆம் ஆண்டு திசம்பர் மாதம் தில்லியை அடுத்த நொய்டாவின் நிதாரி கிராமத்தில் குழந்தைகளின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டபோது நாடு உறைந்தது. அவர்களுட் பலரின் பெற்றோர் கூலித் தொழிலாளர்கள். பிள்ளையைக் காணவில்லை என்று காவல் நிலையத்துக்கு நடந்தவர்கள். ‘எங்கேனும் ஓடிப்போயிருக்கும், வந்துவிடும்’ என்னும் போக்கில் திருப்பியனுப்பப்பட்டவர்கள்.

2008ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் தம் மகளைக் காணாத தந்தையொருவர், தம் புகாரைப் பதிவு செய்து தேட ஆவன செய்யவில்லை என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார். லலிதா குமாரி வழக்கு என்று சட்ட நூல்களில் நிலைத்துவிட்ட வழக்கு அது. 2013ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு வழங்கியது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆகவேண்டும் என்றது. இன்று நாட்டின் எந்தக் காவல் நிலையத்தில் எவர் புகார் எழுதினாலும், அவருக்குப் பின்னே தொலைந்துபோன ஒரு சிறுமியின் பெயர் துணை நிற்கின்றது.

அதே ஆண்டு மே 10ஆம் நாள், பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் தெளிவாகப் பேசியிருந்தது. குழந்தை காணாமற்போனதாக வரும் ஒவ்வொரு புகாரையும் பதிவு செய்ய வேண்டும்; வேறுவிதமாக மெய்ப்பிக்கப்படும்வரை அது கடத்தல் என்றே கருதித் தேட வேண்டும். ‘ஓடிப்போயிருக்கும்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குச் சட்டத்தில் அன்றே இடமில்லாமற் போயிற்று.

அத்திமூர்

அறிவிப்பு இல்லாமையால் வந்த கேட்டைக் கண்டோம். பொறுப்பில்லாத அறிவிப்பால் வந்த கேட்டைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் அண்டை மாவட்டமே போதும்.

2018ஆம் ஆண்டு, வடநாட்டார் பிள்ளை பிடிக்க வந்திருக்கின்றார்கள் என்னும் செய்தி தமிழகத்தின் வட மாவட்டங்களில் கைப்பேசி தோறும் சுற்றியது. அனுப்பியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ‘எதற்கும் எச்சரிக்கையாயிருப்போம்’ என்ற நல்லெண்ணத்துடனேயே பலர் அதனை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார்கள். மே 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோவிலுக்கு வந்த ஒரு குடும்பத்தார் வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினர். அவர்களுள் அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் திரண்டது. அந்த அம்மையார் அடித்தே கொல்லப்பட்டார்; உடன் வந்தவர்கள் படுகாயமுற்றார்கள். அதே நாளில் பழவேற்காட்டிலும் அதே ஐயத்தால் ஒருவர் கொல்லப்பட்டார்.

அவ்வாண்டு நாட்டின் பல பகுதிகளில் பரவிய ஒரு படக்காட்சியின் கதை இன்னும் வேதனை தருவது. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், காணாமற்போகும் குழந்தைகளைப் பற்றிய விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்டது. கடத்துவதாக நடித்தவர்கள் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவதே அதன் இறுதிப் பகுதி. அப்பகுதியை யாரோ வெட்டியெறிந்தார்கள். குழந்தைகளைக் காக்கப் பிறந்த படம் கொலைக்குத் தூண்டுகோலாயிற்று.

அத்திமூரில் கல்லும் கம்பும் எடுத்தவர்கள் தம் பிள்ளைகள்மீது அன்பில்லாதவர்களா? அல்லர். அன்பு இருந்தது, அச்சம் இருந்தது, ‘இதைச் சொன்னவர் யார்?’ என்னும் ஒரு வினா மட்டும் இல்லை. அவ்வாண்டு சூலை 17ஆம் நாள் கும்பல் கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. வாட்ஸ்அப் நிறுவனமும் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்பவியலாதபடி இந்தியாவில் வரம்பிட்டது. வரம்பு கருவிக்கு வந்தது. நம் விரலுக்கு வந்ததா?

மலைக்குத் திரும்புவோம்

கல்வராயன் மலை 1976ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. பொதுவான அரசு நிருவாகம் அதன் பின்னரே அங்கு ஏறிச் சென்றது. 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின்னும், மலைவாழ் மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தாமாகவே முன்வந்து வினவ வேண்டியிருந்தது. பிழைப்புக்காக மலையிறங்கும் பெற்றோர் பிள்ளைகளைப் பாட்டியிடமோ விடுதியிலோ விட்டுச் செல்கின்றார்கள். அப்பிள்ளை விடுதியில் இருப்பதாக வீட்டாரும், வீட்டில் இருப்பதாக விடுதியாரும் எண்ணிக்கொண்டால், தேடலே ஒரு நாள் பயணத்தொலைவு தாமதமாகத் தொடங்கும். நாசரேத்துப் பெற்றோருக்கு நேர்ந்ததும் அதுவன்றோ?

2023ஆம் ஆண்டு அக்டோபரில் நம் கைப்பேசிகள் அனைத்தும் ஒருங்கே ஒலியெழுப்பியது நினைவிருக்கலாம். பேரிடர்க் கால எச்சரிக்கைக்கான சோதனை அது. ஒரே நொடியில் ஊர் முழுவதையும் எழுப்பும் மணி நம் நாட்டிலும் இருக்கின்றது. கருவி நமக்குக் குறைவில்லை. அம்மணியை ஒலிக்கும் முன் ஒரு தாயின் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ளும் கை வேண்டும்; எழுதுவதற்கு ஒரு நிழற்படமும் சில விவரங்களும் வேண்டும். அவை இல்லையெனின் எத்துணைப் பெரிய மணியும் மலைமேல் வாழும் குழந்தைக்காக ஒலிக்காது.

இங்கே நாம் செய்யக்கூடியவை உள. நம் பங்கிலும் விடுதியிலும் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அண்மைக்கால நிழற்படம் ஒன்று, உயரமும் அங்க அடையாளமும் குறித்த தாள் ஒன்று வைத்திருக்கலாம். புகாரை மறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதை எழுத்தறியாத பெற்றோருக்கு எடுத்துரைத்து, காவல் நிலையம்வரை உடன் நடக்கலாம். குற்றம் எவ்வெல்லையில் நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்பது 2024 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுத்தாகவே இருக்கின்றது. அனுப்பியவர் பெயரும் நாளும் காவல் நிலையமும் இல்லாத ‘எச்சரிக்கை’ நம் கைப்பேசிக்கு வருமாயின், அது நம்மோடு நிற்கட்டும்.

அடுத்த முறை கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் அந்தச் சிறு தாளைக் காணும்போது, பேருந்து வருவதற்குள் அதன் எண்ணைக் குறித்துக்கொள்வோம். மலைப்பாதையில் ஏறும் வண்டியில் நம் அருகே அமரும் பிள்ளையின் முகத்தைச் சற்று நிமிர்ந்து பார்ப்போம். ஐயம் எழுந்தால் கூட்டத்தைக் கூட்டாது, 1098ஐ அழைத்து நம் பெயரைச் சொல்லிப் பேசுவோம்.