மின்ஹாஜும் சாவக்காட்டுச் சிறையும்

கி.பி. 1819ஆம் ஆண்டு. மலபாரில் பொன்னானிக்குத் தெற்கே கடலோரம் அமைந்த வெளியங்கோட்டின் காழியார் உமர், தம் நிலத்துக்குரிய வரியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செலுத்த மறுத்தார். அதிகாரிகள் அவரைச் சாவக்காட்டில் சிறைவைத்தனர். இந்நிகழ்ச்சி நம் மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. ஆனால் சொல்வோர் பெரும்பாலும், பூட்டிய சிறையிலிருந்து காழியார் இரவோடிரவாக மறைந்துவிட்டார் என்னும் கராமத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர். வலிமார்களின் கராமத்தை மறுப்பது நம் நோக்கமன்று. எனினும் அவர் ஏன் உள்ளே சென்றார் என்பதையும் கேட்டாக வேண்டுமல்லவா?

1792இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மலபார் கம்பெனியின் கைக்கு வந்தது. 1800இல் அது சென்னை மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. 1956 வரை சென்னையிலிருந்தே ஆளப்பட்டது. முறையான நிலவரியை அங்கே புகுத்தியவர்கள் ஆங்கிலேயர் அல்லர், 1766இல் நுழைந்த மைசூர் ஆட்சியாளர்களே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. நம்மவரின் ஆட்சி என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டின் மீதே கம்பெனி தன் வசூலை அமைத்துக்கொண்டது. மண் அல்லாஹ்வுக்குரியது, மக்களின் நலனைப் பேணாத அந்நிய வணிகக் கூட்டத்துக்கு அதில் வரி வாங்க உரிமையில்லை என்பதே காழியாரின் நிலைப்பாடாகச் சொல்லப்படுகிறது.

இது திடீர்க் கோபத்தில் பிறந்த சொல் அன்று. காழியார் பொன்னானியில் ஓதியவர். அப்பள்ளியின் பாடநூலான ஃபத்ஹுல் முஈன், மக்தூம் குடும்பத்து இரண்டாம் ஸைனுத்தீன் அவர்கள் எழுதியது. அது இப்னு ஹஜர் ஹைதமீயின் துஹ்ஃபாவைத் தழுவிச் செல்வது. துஹ்ஃபாவோ இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுக்கு எழுந்த விரிவுரை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஓதிய நம் ஆலிம்களும் இதே சங்கிலியின் கண்ணிகள்தாம்.

மார்க்கம் விதிக்காத வரிக்கு ஃபிக்ஹு நூல்கள் 'மக்ஸ்' என்று பெயரிடுகின்றன. ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில், ஃகாமிதிய்யாப் பெண்ணின் தவ்பாவைக் கூறும் ஹதீஸை விளக்குமிடத்தில், மக்ஸ் வாங்குவது பாவங்களுள் மிக இழிந்ததென்று நவவீ குறிப்பிடுகிறார். அதற்காக எந்தக் கூடுதல் வரியும் கூடாதென்று அறிஞர் அனைவரும் வாதிட்டதாக எண்ணிவிடக் கூடாது. பைத்துல் மால் வற்றி, படைக்குச் செலவு தேவைப்படுமாயின் செல்வரிடம் வாங்கலாம் என்று இமாம் கஸ்ஸாலீ இடமளித்தார். ஹிஜ்ரி 657இல் (கி.பி. 1259) தாத்தாரியர் நெருங்கியபோது கெய்ரோவில் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்களும் இசைந்தார். ஆனால் நிபந்தனை வைத்தார்: முதலில் அமீர்களின் பொன் கச்சைகளும் விலையுயர்ந்த பொருள்களும் விற்கப்பட வேண்டும், அவர்கள் பொதுமக்களுக்குச் சமமாக நின்ற பிறகே மக்களின் பொருளில் கைவைக்கலாம்.

பின்னர் பைபர்ஸ் போருக்குப் பணம் திரட்ட ஃபத்வா கேட்டபோது டமாஸ்கஸின் ஆலிம்கள் கையொப்பமிட்டனர். நவவீ மறுத்தார். நீர் ஓர் அமீரின் அடிமையாக வந்தவர், உமக்கென்று ஒரு பொருளும் இருக்கவில்லை. இன்று உம்மிடமுள்ள ஆயிரம் மம்லூக்குகளுக்கும் பொன் கச்சை இருக்கிறது, அடிமைப் பெண்களுக்குப் பேழை நிறைய நகை இருக்கிறது. அவற்றையெல்லாம் செலவிட்டபின் வாரும் என்னும் கருத்தில் அவர் முகத்துக்கு நேராகவே கூறியதை ஸுயூத்தீ பதிவுசெய்துள்ளார். சுல்தான் ஊரைவிட்டுப் போகச் சொன்னான்; இமாம் தம் ஊரான நவாவுக்குப் போய்விட்டார். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) இருவருமே இவ்வுலகை நீத்தனர். மின்ஹாஜை ஆண்டுக்கணக்கில் ஓதும் நம் மாணவர்களுள் இதை அறிந்தவர் சிலரே. பாடம் நடத்தும் நாமும் சொல்லாமற் கடந்துவிடுகிறோம்.

வணிகர் ஒருவர் என்னிடம், கணக்கில் கொஞ்சம் மறைத்தால் என்ன ஹஜ்ரத், உமர் காழியே வரி கொடுக்கவில்லையே என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காழியார் எதையும் மறைக்கவில்லை. அதிகாரியின் முன்னே நின்று கொடுக்க மாட்டேன் என்றார். அதற்குரிய தண்டனையையும் தம் உடம்பில் ஏற்றார். நவவீயும் அப்படியே. ஒளித்து வைத்தவனுக்கு ஊரைவிட்டுப் போகும் நிலை வருவதில்லை. மேலும், சாலையும் மருத்துவமனையும் தந்து, நம் வாக்கால் அமையும் அரசைக் கம்பெனியோடு ஒப்பிடுவது எந்த கியாஸில் சேரும்? அரசின் செலவைத் தட்டிக்கேட்க நினைப்பவருக்கு இஸ்ஸுத்தீனின் நிபந்தனை இருக்கிறது. அதைப் பகிரங்கமாகக் கேட்கலாம்.

காழியார் அரபுக் கவிஞர். எழுதுகருவி கைக்கெட்டாதபோது கரித்துண்டாலும் பச்சிலையாலும் பள்ளிவாசல் சுவரில் எழுதிவைப்பாராம். நிகாஹ் சட்டங்களை மகாஸிதுன் நிகாஹ் என்ற பெயரில் செய்யுளாக யாத்தவரும் அவரே. மீண்டும் பிடிபட்டுச் சிறையிலிருந்த நாளில், ஹளரமௌத்தின் தரீமிலிருந்து வந்து மம்புறத்தில் வாழ்ந்த ஸய்யித் அலவீ தங்ஙள் அவர்களுக்குத் தம் நிலையைக் கவிதையாகவே எழுதியனுப்பினார். தங்ஙளின் முயற்சியால் விடுதலை கிடைத்தது. காழியார் வெளியங்கோடு திரும்பித் தம் பணியைத் தொடர்ந்தார்.