சமுதாயக் கல்லூரிக்கு மானியம் கேட்பது எப்படி? அமெரிக்க அனுபவம் சொல்லும் பாடம்

நமது கல்வி அறக்கட்டளைகள் நிதி கேட்டு எழுதும் மனுக்களை வாசிக்கும் வாய்ப்பு நமக்குப் பலமுறை கிடைத்துள்ளது. பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். முதல் இரண்டு பக்கம் நிறுவனத்தின் வரலாறு. அடுத்து, இருக்கின்ற கட்டடங்கள், இல்லாத கட்டடங்கள். பிறகு ஒரு தொகை. அங்கே படிக்கப்போகும் பிள்ளை யார், படித்து முடித்து எந்த வேலைக்குப் போவான், அந்த வேலையைத் தரப்போவது யார் என்று தேடினால் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கும். சில மனுக்களில் அதுவும் இருக்காது.

இந்தக் கேள்விகளையே முன்னால் வைத்த ஒரு பெரிய மானியத் திட்டம் அமெரிக்காவில் நடந்தது. சமுதாயக் கல்லூரிகளின் தொழிற்பயிற்சியை மேம்படுத்துவதற்காக நான்கு ஆண்டுகளில் 200 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தைக் கேட்ட கல்லூரிகள் எவற்றையெல்லாம் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது என்பதைத் தெரிந்துகொள்வது, கல்வி நிறுவனம் நடத்துவோருக்கும் அங்கே பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கும் பயன்படும்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

அமெரிக்காவில் பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டு வரையிலான பட்டயம், சான்றிதழ் படிப்புகளைக் குறைந்த கட்டணத்தில் தரும் கல்லூரிகளே சமுதாயக் கல்லூரிகள். சிகாகோவுக்கு அருகில் 1901-ல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ் இவற்றில் மிகப் பழைய அரசுக் கல்லூரி. இன்று நாடு முழுவதும் சுமார் ஆயிரம் கல்லூரிகள் உள்ளன. செவிலியர் உதவியாளர், வெல்டிங், வாகனப் பழுது, கணினி வலையமைப்பு எனப் பல தொழில்கள் இங்கே கற்பிக்கப்படுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுபவர்கள், பகலில் வேலை செய்து மாலையில் படிப்பவர்கள், வேலை இழந்து நடுவயதில் திரும்பி வருபவர்கள் என்று பலரும் இங்கே படிக்கிறார்கள்.

200 கோடி டாலர் வந்த கதை

வெளிநாட்டு இறக்குமதியால் ஆலை மூடப்பட்டு வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு உதவும் சட்டம் அமெரிக்காவில் 1962-ல் வந்தது. 2009-ல் அந்த ஏற்பாட்டுடன் சமுதாயக் கல்லூரிகளுக்கான பயிற்சி மானியமும் சேர்க்கப்பட்டது. 2010 மார்ச் 30 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், அதற்கு ஆண்டுக்கு 50 கோடி டாலர் வீதம் 2011 முதல் 2014 வரை நிதி ஒதுக்கியது. தொழிலாளர் துறை, கல்வித் துறையுடன் சேர்ந்து இதை நடத்தியது. நான்கு சுற்றுகளில் மொத்தம் 256 மானியங்கள் வழங்கப்பட்டன. எந்த மாநிலமும் விடுபடக் கூடாது என்பதற்காக, ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறைந்தது அரை சதவீதம், அதாவது 25 லட்சம் டாலர், போய்ச் சேர வேண்டும் என்று சட்டமே சொன்னது. கடைசி மானியங்கள் 2018-ல் முடிந்தன.

விண்ணப்பம் கேட்ட கேள்விகள்

2011 ஜனவரியில் வெளியான முதல் அழைப்பு நான்கு நோக்கங்களை முன்வைத்தது: அடிப்படைத் திறன் குறைந்தவர்களும் விரைவாக முன்னேற வழி, இடைநிற்றலைக் குறைத்துக் குறித்த காலத்தில் படிப்பை முடிக்க வைத்தல், தொழில்துறையின் தேவைக்குப் பொருந்தும் பாடத்திட்டம், இணையவழிக் கற்பித்தல். பின்வந்த சுற்றுகளில் நிபந்தனைகள் இறுகின. சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு விண்ணப்பமும் ஐந்து கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.

1. யாருக்காக? எங்கள் பகுதியில் வறுமை அதிகம் என்ற பொதுப் பேச்சு போதாது. எந்த ஆலை மூடப்பட்டது, எத்தனை பேர் வேலை இழந்தார்கள், அவர்களின் படிப்பு என்ன, அதே பகுதியில் எந்தத் தொழிலில் ஆள் தேவைப்படுகிறது என்பதை அரசுப் புள்ளிவிவரத்துடன் காட்ட வேண்டும்.

2. வேலை தருவது யார்? நிறுவனங்களின் பெயரை மட்டும் பட்டியலிட்டால் மதிப்பு இல்லை. பாடத்திட்டம் வகுக்க ஆள் அனுப்புவார்களா, இயந்திரம் தருவார்களா, பயிற்சிக்கு இடம் தருவார்களா, முடித்தவர்களை நேர்காணலுக்கு அழைப்பார்களா என்பது அவர்கள் கடிதத்திலேயே தெரிய வேண்டும். "இந்த முயற்சியை வாழ்த்துகிறோம்" என்று எழுதும் கடிதம் ஆதரவுக் கடிதம். "ஆண்டுக்கு இத்தனை பேருக்குப் பயிற்சி இடம் தருகிறோம்" என்பது உறுதிக் கடிதம். இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம்.

3. இந்த முறை பலன் தரும் என்பதற்கு ஆதாரம் என்ன? வேறு கல்லூரியில் சோதித்துப் பார்த்த முறை, அதன் முடிவு, அதை இங்கே எப்படி மாற்றிப் பயன்படுத்தப் போகிறோம் என்று எழுத வேண்டும்.

4. பாதியில் நிற்க நேர்ந்தால் மாணவன் கையில் என்ன மிஞ்சும்? இதற்காகவே அடுக்குச் சான்றிதழ் முறை வலியுறுத்தப்பட்டது. சில மாதங்களில் ஒரு சான்றிதழ். அதை வைத்து வேலைக்குப் போகலாம். பிறகு வந்து தொடர்ந்தால் அதன் மேலேயே அடுத்த சான்றிதழ், அதற்கும் மேலே பட்டயம். படித்தது எதுவும் வீணாவதில்லை.

5. பலனை எப்படி அளப்பீர்கள்? எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு கணக்கு முடிவதில்லை. எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலை பெற்றார்கள், பெற்ற வேலையில் நிலைத்தார்களா, ஊதியம் உயர்ந்ததா என்பது வரை தொடர்ந்து கணக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றிலிருந்து, கல்லூரிக்குத் தொடர்பில்லாத வெளி அமைப்பு ஒன்று மதிப்பீடு செய்வதும் கட்டாயமானது.

இரண்டு ஆண்டுக்குள் முடியும் படிப்புக்கு மட்டுமே இந்த மானியம் என்ற நிபந்தனையையும் நாம் கவனிக்க வேண்டும். வேலை இழந்தவனுக்குச் சேமிப்பும் உதவித்தொகையும் அதிக நாள் தாங்காது. வேலை கிடைக்காத படிப்பில் அவனைச் சேர்த்துவிட்டால், அவன் இழப்பது பணத்தை மட்டும் அல்ல. குடும்பத்தைத் தாங்க வேண்டிய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து இழக்கிறான்.

எதற்குப் பணம், எதற்கு இல்லை?

பாடத்திட்டம் உருவாக்க, ஆசிரியர்களை நியமிக்க, பயிற்சிக் கருவிகள் வாங்க, மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்களை அமர்த்தப் பணம் கிடைத்தது. புதுக் கட்டடம் கட்டவோ மாணவரின் கல்விக் கட்டணத்தைச் செலுத்தவோ கிடைக்கவில்லை. கட்டணத்துக்கு பெல் மானியம் போன்ற வேறு வழிகள் உண்டு. இந்தப் பணம் கல்லூரியின் கற்பிக்கும் ஆற்றலை உயர்த்துவதற்கானது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மானியப் பணத்தில் உருவாகும் பாடநூல், காணொளி, பயிற்சித்தாள் அனைத்தையும், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் கூடிய திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும். பொதுப் பணத்தில் செய்தது பொதுவுக்கே திரும்ப வேண்டும் என்பதே இதன் கருத்து. இந்தப் பாடங்கள் 'ஸ்கில்ஸ் காமன்ஸ்' என்ற இணைய நூலகத்தில் திரட்டப்பட்டன. நமது ஊர்த் தொழிற்பயிற்சி ஆசிரியர்களும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம்.

தனியாகவா, கூட்டாகவா?

முதல் சுற்றில் தனிக் கல்லூரி 50 லட்சம் டாலர் வரை கேட்கலாம். கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்தால் 2 கோடி டாலர் வரை கேட்கலாம். மேரிலாந்தின் ஆன் அருண்டெல் சமுதாயக் கல்லூரி தலைமையில் ஒன்பது மாநிலங்களின் பத்துக் கல்லூரிகள் இணைந்து, 2 கோடிக்குச் சற்றுக் குறைவான தொகையைப் பெற்றன. சைபர் தொழில்நுட்பம், மின்வாகனம், மெக்கட்ரானிக்ஸ் உள்ளிட்ட ஐந்து துறைகளுக்கு ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளை உருவாக்கின. வாஷிங்டன் மாநிலத்தில் 11 கல்லூரிகள் 'ஏர் வாஷிங்டன்' என்ற பெயரில் சேர்ந்து, விமானத் தயாரிப்புத் துறைக்கு ஆள் தயாரிக்க 2 கோடி டாலர் பெற்றன.

கூட்டு என்றால் பெயர்ப் பலகை மட்டும் அல்ல. தலைமைக் கல்லூரி எது, யார் எவ்வளவு செலவிடுவார்கள், எந்தக் கல்லூரி எந்தப் பாடத்தைத் தயாரிக்கும், கணக்குக்கு யார் பொறுப்பு என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பணம் வந்த பிறகு பங்கு பேசத் தொடங்கினால் பகைதான் மிஞ்சும்.

விண்ணப்பம் எங்கே தவறுகிறது?

அமெரிக்க மத்திய அரசு மானியங்களுக்கு 'கிராண்ட்ஸ் டாட் கவ்' தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் 'சாம் டாட் கவ்' தளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்தப் பதிவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். கடைசி வாரத்தில் நினைவு வந்தால் நல்ல திட்டமும் வாசலிலேயே நின்றுவிடும்.

அழைப்பாணையில் மதிப்பெண் பட்டியல் இருக்கும். தேவைக்கு இத்தனை, செயல்திட்டத்துக்கு இத்தனை, அளவீட்டுக்கு இத்தனை என்று பிரித்தே தந்திருப்பார்கள். மதிப்பீட்டாளர்கள் அந்த வரிசையில்தான் வாசிப்பார்கள். எனவே அதே வரிசையில், அதே தலைப்புகளில் எழுதுவது நல்லது. பக்க வரம்பைத் தாண்டிய பக்கங்கள் வாசிக்கப்படாமல் போகலாம். செயல்திட்டத்தில் மூன்று ஆசிரியர்கள் என்றும் பட்ஜெட்டில் ஐந்து பேர் சம்பளம் என்றும் இருந்தால், மொத்த விண்ணப்பத்தின் மீதும் சந்தேகம் விழும். மானியம் நின்ற பிறகு இந்தப் படிப்பு எப்படித் தொடரும் என்பதற்கும் விடை இருக்க வேண்டும். மூன்றாண்டில் மூடப்படும் படிப்பின் சான்றிதழை வேலை தருபவர் எத்தனை நாள் மதிப்பார்?

அத்திட்டத்துக்குப் பிறகு

அதே வழியில், அளவில் சிறிய 'சமுதாயக் கல்லூரிகளை வலுப்படுத்தும் பயிற்சி மானியம்' 2021 முதல் வழங்கப்பட்டது. முதல் சுற்றில் 4 கோடி டாலர், 11 மானியங்களாகச் சென்றது. தொழில்நுட்பக் கல்விக்காகத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, 1992-ல் வந்த சட்டத்தின்படி தனி மானியம் தருகிறது. 2018-ல் திருத்தப்பட்ட பெர்கின்ஸ் சட்டப்படி வரும் தொகை மாநிலங்கள் வழியாகப் பிரிகிறது. அதைப் பெறும் கல்லூரி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர்த் தேவையை ஆய்வு செய்ய வேண்டும். ஏற்கெனவே தன் கைப்பணத்தில் நடந்துவரும் செலவை இதற்கு மாற்றிவிடக் கூடாது என்பதும் நிபந்தனை.

நமக்கு இதில் என்ன?

இந்தியாவின் சமுதாயக் கல்லூரிகள் அமெரிக்க முன்மாதிரியைப் பார்த்துப் பிறந்தவை. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டமும் இதைத் தொடங்கின. பல்கலைக்கழக மானியக் குழு 2013-ல் கொண்டுவந்த சமுதாயக் கல்லூரித் திட்டமும் தொழில் நிறுவனங்களின் கூட்டுறவையே அடிப்படையாக வைத்தது. நாடு மாறினாலும் கேள்வி மாறவில்லை: இந்தப் பிள்ளைக்கு வேலை தருவது யார்?

ஆகவே நமது நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மனு எழுத உட்காருவதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். ஊரைச் சுற்றியுள்ள நிறுவனங்களில் ஐந்து பேரையாவது நேரில் சந்தித்து, அவர்களுக்கு என்ன திறன் உள்ள ஆள் கிடைக்கவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, உங்களிடம் முன்பு படித்து வெளியேறியவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். இடையில் நின்றவர்களையும் அதில் சேருங்கள். இந்த இரண்டு தாள்களும் கையில் இருந்தால் பாதி மனு எழுதி முடிந்துவிட்டது.

பெற்றோரும் சேர்க்கையின்போது அதே பட்டியலைக் கேட்கலாம். அது குறை காண்பது ஆகாது, நமது உரிமை. மானியமாக வந்தாலும் நன்கொடையாக வந்தாலும் அந்தப் பணம் அமானிதம். அதைவிடப் பெரிய அமானிதம், நம்மை நம்பி அந்த வகுப்பறையில் வந்து அமரும் பிள்ளையின் காலம்.