மஞ்சள் பையும் தீட்டும்

தமிழ்நாட்டில் மஞ்சள் பை என்றால் கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுத் தரும் துணிப்பை. ஆஸ்பத்திரி வார்டில் அதே நிறத்தில் இன்னொரு பை உண்டு. ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, நஞ்சுக்கொடி என எரிக்க வேண்டியவை அதில் போகும். அந்தப் பைக்காக எழுதப்பட்ட விதிகளின் வரலாற்றில், அதைத் தூக்குகிறவளை நாம் எங்கே வைத்தோம் என்பதும் பதிவாகியிருக்கிறது.

இந்தியாவில் இது நீண்ட வரலாறல்ல. 1996 மார்ச்சில், தில்லிக் குப்பை பற்றிய வழக்கொன்றில், 50 படுக்கையும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகள் எரியுலையோ அதற்கு ஈடான ஏற்பாடோ வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1998இல் மருத்துவக் கழிவுக்கென்று விதிகள் வந்தன. கழிவை 10 வகையாகப் பிரித்தன. 2016 விதிகள் அதை நான்கு நிறங்களாகச் சுருக்கின: எரிப்பதற்கு மஞ்சள், கிருமி நீக்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் ட்யூப், கையுறைகளுக்குச் சிவப்பு, ஊசிக்கும் பிளேடுக்கும் துளைபடாத வெள்ளை டப்பா, கண்ணாடிக்கு நீலம். கழிவைக் கையாளுகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்பதும் அவற்றில் இடம்பெற்றது.

இத்தனை ஏற்பாடும் ஒரு நொடியை நம்பியிருக்கிறது. ஊசி போட்டவர் அந்த ஊசியை எதில் போடுகிறார் என்கிற நொடி. அங்கே தவறினால், பையை இறுக்கிக் கட்டும் கையில்தான் குத்தும். தவறு ஒருவருடையது, ரத்தம் இன்னொருத்தியுடையது.

2020 மார்ச்சில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கோவிட் கழிவுக்குத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. இரட்டைப் பை, அதன்மேல் அடையாளச் சீட்டு, தனித் தொட்டி, தொட்டியை நாள்தோறும் 1% சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைத்தல் என்று எல்லாம் தெளிவாகவே இருந்தன. ஆனால் அச்சம் விதியை முந்தியது. நோயாளி மிச்சம் வைத்த சோறும் தண்ணீர் பாட்டிலும்கூட மஞ்சள் பைக்குள் விழுந்தன. ஈரச் சோறு எரியுலையின் சூட்டைக் குறைக்கும்; கண்ட பிளாஸ்டிக்கும் எரிந்தால் நச்சுப் புகை வரும். அவற்றை மஞ்சள் பையில் போடாதீர்கள் என்று 2020 ஜூலையில் வாரியம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. வீடுகளில் கழற்றிய முகக்கவசத்தைத் தாள் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து, பிறகு சாதாரணக் குப்பையில் போடலாம் என்றும் சொன்னது. 2021 மே மாதத்தில் நாடு முழுவதும் நாளொன்றுக்குச் சுமார் 200 டன் கோவிட் கழிவு சேர்ந்தது.

72 மணி நேரம் என்பது அறிவியல் போட்ட கணக்கு. தீட்டுக்கும் நாம் கணக்கு வைத்திருக்கிறோம். மாதவிலக்குக்கு 3 நாள், பிள்ளைப்பேற்றுக்கு 16 நாள் என்று பல வீடுகளில் வழக்கமுண்டு. வார்டைத் துடைப்பவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள், ஒப்பந்தக் கூலிகள். அவர்கள்மேல் ஒட்டவைத்த தீட்டுக்கு மட்டும் இந்தச் சமூகம் நாள் குறிக்கவில்லை. மாஸ்க் மூன்று நாளில் சாதாரணக் குப்பையாகிவிடுகிறது. அதை அள்ளியவள் எத்தனை நாளில் சாதாரண மனுஷியாவாள்?

அதே 2020இல் தமிழ்நாட்டு அரசு துப்புரவுப் பணியாளரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று அழைக்கச் சொன்னது. துப்புரவு என்ற சொல்லுக்கும் தூய்மை என்றுதான் பொருள். சொல்லில் அழுக்கு இல்லை. அழுக்கு அதைச் சொன்ன வாய்களிலிருந்து ஏறியது. வேலையின் நிலைமை மாறாவிட்டால் புதிய சொல்லிலும் அது ஏறும்.

பிரிக்காத கழிவைத் தரும் மருத்துவமனையைப் பற்றி உடனே அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமையை 2016 விதிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தாருக்குத் தந்தன. கழிவு அங்கே போய்ச்சேரும் முன்பே அதைத் தொடுகிறவள் வார்டில் இருக்கிறாள். “ஊசி கலந்திருக்கு டாக்டர், பிரிச்சுக் குடுங்க, இப்படியே எடுக்க மாட்டேன்” என்று அவள் சொல்லிவிட்டு, வேலை போகாமல் மறுநாளும் வர முடிகிற வார்டுதான் பாதுகாப்பான வார்டு.