காட்டு நிழலிலிருந்து கம்பெனி வாசலுக்கு



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வயல்கள் தொழிற்பேட்டை ஆனதை நாம கண்ணால பார்த்தோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரானது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. நிலம் குறைஞ்சு போச்சு. மிச்சமிருக்கிற கொல்லையில, மரநிழல்ல என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். அதற்காகவே அக்லோனிமா என்ற அழகு இலைச்செடியின் கதையைச் சொல்கிறேன்.

இது நம்ம சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு குடும்பம். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பெரிய மரங்களின் அடியில், ஈரமண்ணில், கொஞ்ச வெளிச்சத்திலேயே பிழைக்கப் பழகியது. 1829-ல் வியன்னாவின் தாவர அறிஞர் ஷாட் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்.

ஆனால் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட செடிகள் கடல் தாண்டுவது லேசா? உப்புக்காற்று பட்டுக் கப்பலிலேயே கருகிவிடும். லண்டன் மருத்துவர் வார்டு என்பவர், மூடிய கண்ணாடிக்குள் ஈரம் வீணாகாமல் திரும்பத் திரும்பச் செடிக்கே கிடைப்பதைக் கவனித்தார். 1833-ல் கண்ணாடிப் பெட்டியில் அவர் அனுப்பிய செடிகள் சிட்னிக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தன. சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் அத்தகைய பெட்டிகளில்தான். ஆசியக் காட்டுச் செடிகள் வெளிநாட்டு வீடுகளுக்குள் நுழைய வழி பிறந்தது.

பிற்பாடு அலுவலகங்கள் பெருகின. வெயில் எட்டாத மூலையிலும் தாக்குப்பிடிக்கும் செடிக்குக் கிராக்கி வந்தது. 1980-களில் இந்தோனேசியாவின் கிரெகோரி ஹம்பாலி, சுமத்ரா காட்டுச் செடியை வேறொரு இனத்தோடு கலந்து, 'பிரைடு ஆஃப் சுமத்ரா' என்ற சிவப்பு ரகத்தை உண்டாக்கினார். சிவப்பு இலை ரகங்களுக்கு அது வழி திறந்தது. காட்டுச் செடியை விலையுள்ள செடியாக்கியது ரகத் தேர்வுதான் என்பதை மனசுல வையுங்க.

நமக்கு இதில் என்ன பாடம்? எடுத்த எடுப்பில் கடன் வாங்கிப் பந்தல் போடாதீங்க. நல்ல தாய்ச்செடி பத்து வாங்குங்க. தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம், மணல் கலந்த தொட்டியில், நேர்வெயில் படாமல் வளருங்க. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தண்டை நறுக்கியும், பக்கக்கன்று பிரித்தும் பெருக்கலாம். வாங்குகிற ஆள் யார் என்று தெரிந்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்க.

ஒரு எச்சரிக்கை. பச்சைச் சேம்பு போல இதுவும் வாயில் பட்டால் அரிக்கும், வீங்கும். குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

விற்ற நிலம் திரும்பி வராது. மரநிழல் இருக்கும்வரை கன்று விற்கலாம். யோசித்துச் செய்யுங்கள்.