நாளின் பெயர் தாங்கிய மரம்

நெய்யாற்றின் கரையில் குடிகொண்ட பெருமானின் தலபெருமை அமரவிளையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அதை விடுத்து, அவன் திருமுடிக்கு மேல் நிற்கும் கூரையின் உறுப்புகளுக்கு முன்னோர் இட்ட பெயர்களை எடுத்துக்கொள்கிறேன்.

சுவர்மேலும் தூண்மேலும் கிடந்து கூரைப் பாரம் முழுவதையும் ஏற்கும் மரம் உத்தரம். கிழக்கே போனால் உத்திரம். இதன் தொன்மைக்கு நெடுநல்வாடையைவிட எனக்கு உவப்பான சான்று வேறில்லை. அரண்மனை வாயிலைப் பாடும் நக்கீரர் இந்த மரத்தைப் பெயரிட்டுச் சொல்வதில்லை. ஒரு நாள்மீனின் பெயரைத் தாங்கிய பெருமரம் என்று குறிப்பால் உணர்த்துகிறார். அந்த நாள் உத்தரம் என்று துலக்கியவர் உச்சிமேற்கொள்ளத்தக்க உரையாசிரியர் நச்சினார்க்கினியர். மரமும் மரமும் கூடும் மூட்டில் இடைவெளி தோன்றாதபடி கைவல்ல தச்சன் முடுக்கிய திறத்தையும் புலவர் அங்கேயே போற்றுகிறார். அதற்கும் முன்னே, நடுப்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்து, நூல் பிடித்துத் திசை கண்டு, தெய்வத்தை வணங்கி மனை வகுத்ததைப் பாடியிருக்கிறார். தச்சு நூலைக் கரைத்துக் குடித்தவருக்கன்றி இப்படிப் பாட வருமா?

தச்சு நூலான மயமதம் உத்தரத்தை மூவகையாக்கும். அகலமும் உயரமும் ஒத்திருந்தால் கண்டோத்தரம், உயரம் அகலத்தில் முக்காலானால் பத்திரோத்தரம், பாதியானால் ரூபோத்தரம். இன்றைய பொறியியல் கணக்கில், ஒரே அகலமுள்ள உத்தரங்களின் வளைவு தாங்கும் வலு உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதன்படி கண்டோத்தரத்தின் வலு 16 என்றால் பத்திரோத்தரத்துக்கு 9, ரூபோத்தரத்துக்கு 4. ஆக, பெயரைச் சொன்ன மாத்திரத்தில், ஒரே அகலமும் நீளமும் உள்ள உத்தரங்களில் எது கூடுதல் பாரம் ஏற்கும் என்பது தச்சனுக்கு விளங்கிவிடும். இவற்றை அலங்காரச் சொற்கள் என்று ஒதுக்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உத்தரத்திலிருந்து சரிந்தேறுவது கழுக்கோல். கழுக்கோல்களின் தலைகள் கூடும் உச்சிமரம் மோந்தாயம். கழுக்கோல்களைத் துளைத்துக் குறுக்கே ஓடி, அவற்றை ஒன்றுக்கொன்று விலகாமல் பிணைப்பது வளை. இறவாரத்தில் கழுக்கோல் நுனிகளைக் கோத்து நிற்பது வாமடை. மோந்தாயம் வளைந்தால் அறுபத்துநான்கும் வளையும் என்ற மலையாளப் பழமொழியை நம் வீட்டுப் பெரியவர்கள் தலைவன் தவறினால் குடி கெடும் என்னும் பொருளில் சொல்வார்கள். அறுபத்துநான்கும் கழுக்கோல்களே. கழுக்கோல்களின் ஒழுங்கு உச்சிமரத்தைப் பொறுத்தது என்பது அதில் அடங்கிய நேரான தச்சு உண்மை.

கல்லுக்கு வந்தால் போதிகை. கல் அமுக்கத்தைத் தாங்கும், பாரத்தில் வளையும் உத்திரத்தின் அடிப்புறத்து இழுவையை அவ்வளவாகத் தாங்காது. தூண் தலையில் இரு புறமும் கை நீட்டும் போதிகை, உத்திரக் கல் தாங்கலின்றிக் கிடக்கும் தூரத்தைக் குறைத்துக் கொடுக்கிறது.

அளவுக்கும் தனிப் பெயர்கள் உண்டு. எட்டு யவம் ஒரு விரல். இருபத்துநான்கு விரல் ஒரு கோல், ஏறக்குறைய 72 செ.மீ. இவற்றைச் சொல்லும் நூல்களில் கோயிலுக்குச் சேன்னாஸ் நாராயணன் நம்பூதிரியின் தந்த்ரசமுச்சயமும், வீட்டுக்குத் திருமங்கலத்து நீலகண்டன் மூசதின் மனுஷ்யாலய சந்திரிகையும் இந்நாட்டுத் தச்சருக்கு வேதம் போன்றவை. மாநிலங்கள் பிரிக்கப்பட்ட 1956 நவம்பர் 1-இல், அதுவரை ஒன்றாயிருந்த விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. ஆனாலும் எல்லையின் இரு புறத்திலும் உள்ள பாறசாலை ஆசாரியும் களியக்காவிளை ஆசாரியும் உத்தரத்தையும் கழுக்கோலையும் ஒரே பெயரால்தான் அழைக்கிறார்கள்.

திருப்பணிச் செல்வர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய கூரையைப் பிரிக்கும் நாளில் மரத்தை விலைபேசி அனுப்ப அவசரப்படாதீர்கள். ஒவ்வோர் உறுப்பிலும் எண்ணிட்டு, மூத்த ஆசாரியாரை அருகில் அமர்த்தி, பெயரையும் கோல், விரல் கணக்கையும் கேட்டுத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, கோயில் ஏட்டோடு சேர்த்து வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் அன்று அழைத்துவந்து அந்த மூட்டுகளைத் தொட்டுப் பார்க்க விடுங்கள்.