பெட்டி ஒருத்தர், ரீடு இன்னொருத்தர்

போன மழைக்கு நாகர்கோவில் போயிருந்தப்போ தாத்தாவோட ஆர்மோனியத்தை எடுத்தேன். ஒரு கட்டை மட்டும் ஈனஸ்வரத்துல முனகுச்சு. "ரீடு போச்சு"ன்னேன். பழுது பாக்குற அண்ணாச்சி அந்த ரீடைக் கழட்டி வாயில வச்சு ஊதினார். கணீர்னு பாடுச்சு. "ரீடு மேல பழி போடாதடே, பலகைல்லா வளைஞ்சிருக்கு!"

இந்தப் பழி போடுற கதை ரொம்பப் பழசு. 1875-ல் துவாரகநாத் கோஷ் கல்கத்தாவில் 'துவார்க்கின்' கம்பெனியைத் தொடங்கினார். தரையில் உட்கார்ந்து வாசிக்கிற கைப்பெட்டி பரவினது இவங்களாலதான். ஆனா உள்ளே பாடுற பித்தளை நாக்குகள் பாரிசிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலேறி வந்தவை. பிறகு குஜராத்தின் பாலிதானா ரீடுக்குப் பேர் போன ஊராச்சு.

நாக்கு விரிசல் விட்டா ரீடு செஞ்சவர் பொறுப்பு. பலகை வளைஞ்சு காத்து கசிஞ்சா பெட்டிக்காரர் பொறுப்பு. சுருதிதான் சிக்கல். நாக்கோட நுனியைச் சுரண்டினா சுருதி ஏறும், அடியைச் சுரண்டினா இறங்கும். ரீடுக்காரர் ஓரளவு சேர்த்துத் தருவார். பெட்டியில் பொருத்தின பிறகு கடைசிச் சுரண்டல் பெட்டிக்காரருடையது.

பியானோவிலும் இப்படித்தான். சுத்தியல் கம்பியை அடிக்கிற பொறியமைப்பை 1882-ல் தொடங்கின ஜெர்மனியின் ரென்னர் பல கம்பெனிகளுக்குச் செஞ்சு குடுத்தது. 2019-ல் ஸ்டைன்வே அந்தக் கம்பெனியையே வாங்கிடுச்சு.

நானும் அடுத்தவன் எழுதின லைப்ரரியை வச்சுப் பொழைக்கிறவன்தான். "அது எங்க கோட் இல்லை"ன்னு எத்தனை மெயில் தட்டியிருப்பேன்! இனிமே தட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கழட்டி ஊதிப் பாக்கணும் :)